பூட்டிய படமும் திறந்த மென்பொருளும்: தமிழ்நாட்டு லினக்ஸ் கணினிகளில் ஸ்ட்ரீமிங் காணொளி

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பள்ளிகளையும் எட்டியது. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் கணினி. அதில் விண்டோஸோடு, அரசின் கணினி ஆய்வு மையமான சென்னை சி-டாக், டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதற்கு முன்பே, தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தார். ஆக, இங்கே லினக்ஸ் அரசுக் கொள்கையாகவே வந்தது. அந்தக் கணினியில் காசு கொடுத்தாவது படம் பார்க்க முடிந்ததா என்பதை மட்டும் யாரும் பெரிதாக ஆராயவில்லை.

எண்ணிம உரிமை மேலாண்மை, அதாவது டி.ஆர்.எம்., செயல்படும் விதம் இது: காணொளி மறையாக்கம் செய்யப்பட்டு வருகிறது, அதைத் திறக்கும் சாவியை, தான் நம்பும் மூடிய நிரல்கூறுக்கு மட்டுமே உரிமச் சேவையகம் தரும். நெட்பிளிக்ஸ் அன்று மைக்ரோசாப்டின் சில்வர்லைட் என்ற உலாவிச் செருகுநிரலை நம்பியிருந்தது. அதற்கு மாற்றாக லினக்ஸுக்கென எழுதப்பட்ட மூன்லைட்டில் அந்த மூடிய கூறு இல்லை. 2013-இல் வந்த பைப்லைட், விண்டோஸ் சில்வர்லைட்டையே, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் வழியாக ஓட்டியது. 2014 அக்டோபரில்தான் குரோம் உலாவியின் டி.ஆர்.எம். கூறான வைட்வைன் மூலம் நெட்பிளிக்ஸ் நேரடியாக ஓடியது. லினக்ஸ் பயர்பாக்ஸில் நெட்பிளிக்ஸ் ஓட 2017 ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இம்முறைக்கான இடைமுகத்தைத் தரமாக ஏற்றது. எதிர்த்த மின்னணு எல்லை அறக்கட்டளை கூட்டமைப்பை விட்டே விலகியது.

இந்தியாவுக்கு ஹாட்ஸ்டார் 2015-இலும், நெட்பிளிக்ஸும் பிரைம் வீடியோவும் 2016-இலும் வந்தன. அந்த 2016 மார்ச்சிலேயே 32-பிட் லினக்ஸுக்கான குரோமை கூகுள் நிறுத்தியது. கதவு திறந்த வேளையில் பழைய கணினிகள் வெளியே நின்றன.

கதவும் பாதிதான் திறந்தது. வைட்வைனில் எல்1 நிலை, வன்பொருளின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே மறைநீக்கம் செய்வது. எல்3 மென்பொருளில் செய்வது. லினக்ஸ் மேசைக்கணினிக்குக் கிடைத்தது எல்3. அதனால் நெடுங்காலம் நெட்பிளிக்ஸ் 720 வரியோடும், பிரைம் வீடியோ அதற்கும் கீழான தரத்தோடும் நின்றன. இதைத் தொழில்நுட்ப இயலாமை என்பது சரியல்ல. 2019-இல் டிஸ்னி பிளஸ் லினக்ஸில் பிழைச் செய்தியே காட்டியது. நிறுவனம் தன் பாதுகாப்பு நிலையைத் தளர்த்தியதும் படம் ஓடியது. பயனர் கணினியில் எதுவும் மாறவில்லை.

2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரே பிரைம் வீடியோவில் வெளியானது. திரையரங்குகள் மூடிக்கிடந்தபோது, புதுத் தமிழ்ப் படத்தை முறையாகப் பார்க்க அந்தப் பூட்டிய வழி மட்டுமே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்கு விலக்கும் அளிக்கிறது. பல நாட்டுச் சட்டங்களைவிட இது நியாயமானது என்பேன். ஆனால் சந்தாதாரருக்குச் சாவி கொடுக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் அது சுமத்தவில்லை. விலக்கு ஏட்டில் இருக்கிறது, பயன்படுத்தும் கருவி பயனரிடம் இல்லை.

விண்டோஸ்காரரிடம் வாங்கும் அதே சந்தாவை லினக்ஸ்காரரிடமும் வாங்கிவிட்டுக் குறைந்த தரம் தருவதானால், தளங்கள் அதைக் காசு வாங்குமுன் தெளிவாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினி கொள்முதலில் லினக்ஸைச் சேர்க்கும் அரசு, இந்தக் கேள்வியைத் தளங்களிடம் எழுப்ப வேண்டும்.