சிங்க முற்றத்துக் குவிமாடமும் நான் தர வேண்டிய அரை மதிப்பெண்ணும்



போன மாதம் மகள் குடும்பத்தோடு ஸ்பெயினின் கிரனாடா போய் அல்ஹாம்ப்ரா அரண்மனையைப் பார்த்து வந்தேன். மூர்கள் என்று படித்தோமே, அவர்களில் கடைசியாக ஆண்ட நஸ்ரித் சுல்தான்களின் அரண்மனை. 1492 ஜனவரி 2 அன்று போப்தில் நகரை ஒப்படைத்ததோடு அவர்கள் ஆட்சி முடிந்தது.

சீட்டில் குறித்த நேரத்தில் நுழைந்துவிட வேண்டும். ஃபிளாஷ் கூடாது, ஸ்டாண்ட் கூடாது. கூட்டமோ தேர்த் திருவிழாதான். முதல் முற்றத்துக் குளத்தில் கோமாரஸ் கோபுரம் தலைகீழாய்த் தெரிவதை எடுக்க, காற்று ஓயட்டும் என்று நின்றேன். பேரன், "தாத்தா, போதும்" என்று சட்டையை இழுத்தான்.

அடுத்தது சிங்க முற்றம். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முகம்மது கட்டியது. சுற்றிலும் 124 மெல்லிய பளிங்குத் தூண்கள், நடுவே நீர்த்தொட்டியைச் சுமக்கும் 12 சிங்கங்கள். கேமராவைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்கு மண்டபத்தின் மேல் குவிமாடத்தைக் காணோம்!

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பழைய புத்தகத்தின் கருப்பு வெள்ளைப் படத்தைச் சுற்றுக்கு விட்டு, "இதுதான் சுல்தான் கட்டிய குவிமாடம்" என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? கரும்பலகையிலும் வரைந்தேன். வகுப்புத் தேர்வில் அதை வரையாதவர்களுக்கு அரை மதிப்பெண் குறைத்த புண்ணியவானும் நான்தான்.

இரவு அறைக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தக் குவிமாடம் சுல்தான் கட்டியதே இல்லை. 1859-இல் புதுப்பிப்பு வேலை பார்த்த ரஃபேல் கொன்ட்ரெராஸ் வைத்தது, மெருகிட்ட வண்ண ஓடுகளோடு! கீழைநாட்டு அரண்மனை என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது அந்தக் கால ஐரோப்பியர் கற்பனை. மாட்ரிட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த ழான் லோரான் போன்றவர்கள் அதைப் படமெடுத்து விற்றார்கள். 1934-இல் லியோபோல்டோ டோரஸ் பல்பாஸ் அதை இறக்கிவிட்டு நாற்புறமும் சரியும் ஓட்டுக்கூரை போட்டபோது ஊரில் பெரிய சர்ச்சை. படத்தில் பார்த்துப் பழகியதுதானே பழசு என்று தோன்றும்! எனக்கும் அப்படித்தானே தோன்றியது.

லோரான்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இருந்ததைத்தான் எடுத்தார். கொன்ட்ரெராஸ் செய்ததற்கு இன்று அந்தப் படங்களே சாட்சி. எந்த வருடத்துப் படம் என்று கேட்காதது என் தவறு.

கீழே என் படங்களில் தெரியும் வெண்பளிங்குத் தரைகூட 2012-இல் முடிந்த சீரமைப்பில் போட்டது. ஆகவே எல்லாப் படத்திலும் தேதி எழுதியிருக்கிறேன்.

அரை மதிப்பெண் இழந்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது காபியோடு தந்துவிடுகிறேன்.