கோடாலிக்கு முன்னால் ஒரு காதல்

நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு பெண்மணி கோடாலியோடு மதுக்கடைகளுக்குள் புகுந்து பாட்டில்களை நொறுக்கினார். பெயர் கேரி நேஷன். கோடாலியோடு நிற்கிற படத்தைத்தான் எங்கேயும் போடுவார்கள். அதுக்கு முந்தின கதைதான் நம்ம குழுப் பெண்கள் கேட்க வேண்டியதுன்னு எனக்குத் தோணுது.

1846-ல் பிறந்த கேரி, மிசௌரி மாநிலத்தில் பெற்றோரோடு இருந்தார். சார்லஸ் கிளாய்ட் என்ற இளம் டாக்டர் அந்த வீட்டில் தங்க வந்தார். உள்நாட்டுப் போரில் பணிசெய்தவர், நன்கு படித்தவர். மகள் அவரோடு தனியாக உட்கார்ந்து பேச அம்மா விடவில்லை. சும்மா இருப்பாங்களா? கூடத்து மேசையில் கிடந்த ஷேக்ஸ்பியர் புத்தகத்துக்குள் மாறி மாறிக் கடிதம் வைத்தார்கள். 1867 நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை அன்றைக்கே குடித்திருந்தார்.

குடி நிற்கவில்லை. கர்ப்பமாக இருந்த கேரி பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். பெண் குழந்தை பிறந்தது. 1869-ல் கிளாய்ட் இறந்துவிட்டார். அவரை விட்டு வந்ததை நினைத்து நினைத்து வருந்தியதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் கேரியே எழுதியிருக்கிறார். குடிகாரர் நோயாளி என்பது அந்த வயசில் அவருக்குத் தெரியவில்லை.

கேரி தனியாக நின்றுவிடவில்லை. அப்பா கொடுத்த நிலத்தையும், கணவரின் மருத்துவப் புத்தகங்களையும் கருவிகளையும் விற்று, ஹோல்டன் என்ற ஊரில் சின்னதா ஒரு வீடு கட்டினார். மகளோடு மாமியாரையும் அங்கே வைத்துக்கொண்டார். ஆசிரியர் பயிற்சி முடித்து, நாலு வருஷம் பள்ளியில் பாடம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1874-ல் டேவிட் நேஷனை மறுமணம் செய்தபோதும் மாமியாரைக் கைவிடவில்லை. மகன் போன பிறகு மருமகளோடவே இருந்தார் அந்த அம்மா. எனக்குக் கோடாலியைவிட இதுதான் பெரிசா தெரியுது. மறுமணம் சந்தோஷமாக அமையவில்லை. அது வேற கதை.

பிறகு கான்சாஸ் மாநிலத்தில் மெடிசின் லாட்ஜ் என்ற ஊருக்குப் போனார்கள். அந்த மாநிலத்தில் 1880-லேயே அரசியல் சட்டப்படி மதுவிலக்கு. ஆனாலும் கடைகள் பகிரங்கமா நடந்தன. கேரி, பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் கிளையை ஊரில் தொடங்கினார். கடை முன்னால் ஜெபம் பண்ணினார்கள், பாடினார்கள், அதிகாரிகளுக்கு மனு எழுதினார்கள். 1900 ஜூனில், கடவுள் தன்னை அனுப்புகிறார் என்று நம்பி, கற்களைக் காகிதத்தில் சுற்றி குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கயோவா ஊருக்குப் போய் மூன்று கடைகளை உடைத்தார். சட்டப்படி இருக்கவே கூடாத கடையை உடைத்தது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார். அங்கே அவர்மேல் வழக்குப் போட முடியவில்லை.

கோடாலி வந்தது அதுக்கப்புறம்தான். மற்ற ஊர்களில் ஏறக்குறைய முப்பது தடவை கைதானார். மேடைப் பேச்சில் வந்த பணத்திலும், குட்டிக் கோடாலி வடிவ ஊசிகளை விற்ற காசிலும் அபராதம் கட்டினார். அந்தச் சம்பாத்தியத்தில் கான்சாஸ் நகரில் ஒரு வீடும் ஏற்பாடு செய்தார். குடிகாரக் கணவரால் போக்கிடம் இல்லாமல் போன மனைவிகளும் தாய்மார்களும் தங்குவதற்கு.