தலைக்கு ஒரு பரிசு: நாகப் பண்ணைக் கதையும் அதன் செலவும்

பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் நாகங்கள் பெருகின. கொன்று கொண்டுவரும் நாகத்துக்கு இவ்வளவு என்று அரசு பரிசு அறிவித்தது. மக்கள் பரிசுக்காக வீட்டில் நாகம் வளர்த்தார்கள். விடயம் தெரிந்து பரிசை நிறுத்தியதும் வளர்த்தவற்றைத் திறந்து விட்டார்கள். ஊரில் முன்னிலும் அதிகமாக நாகங்கள் திரிந்தன. ஜெர்மன் பொருளியலாளர் ஹோர்ஸ்ட் ஸீபெர்ட் 2001இல் 'கோப்ரா விளைவு' என்ற தலைப்பில் வெளியிட்ட நூல் இந்தக் கதைக்குப் பெயர் சூட்டியது. அதன்பின் உலகின் எந்தப் பொருளியல் வகுப்பிலும் இது கேட்கிறது. நம் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

ஸீபெர்ட் சொல்ல வந்த பொருளியல் பாடத்தில் எனக்கு முரண்பாடு இல்லை. தவறான அளவுகோலுக்குப் பணம் கொடுத்தால் அந்த அளவுகோல்தான் வளரும் என்பது உண்மை. என் முரண்பாடு கதையின் நடுவில் இருக்கும் ஒரே வினைச்சொல்லோடு: "வளர்த்தார்கள்." ஒரு நாகத்தை முட்டையிலிருந்து பரிசு வாங்கும் பருவம்வரை வளர்க்க என்ன செலவாகும்? விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் உள்ள உறவைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் என்னை உறுத்துகிறது. அவருக்குப் பின் வந்தவர்களும் கேட்கவில்லை. பாம்பைக் கையால் பிடித்து வாழ்ந்த மக்களைப் பற்றிய கதை என்பதால் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

முதலில் கதையின் பாடபேதங்களைப் பார்க்கலாம். ஒரு வடிவத்தில் பரிசு நாகத்தின் தலைக்கு. இன்னொன்றில் செத்த முழுப் பாம்புக்கு. ஒன்றில் இடம் பொதுவாக 'இந்தியா'. இன்று இணையமெங்கும் ஓடும் வடிவத்தில் டில்லி. பரிசை அறிவித்தவர் ஓர் ஆளுநர் என்பது பல வடிவங்களில் நிலைத்திருக்கிறது. டில்லியையும் ஆளுநரையும் ஒன்றாக வைத்தால் முடிச்சு அவிழ்கிறது. 1858இல் டில்லி பஞ்சாப் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது; 1859 முதல் அந்த மாகாணத்தை ஆண்டவர் லாகூரில் இருந்த துணைநிலை ஆளுநர். 1912இல் டில்லி தனி மாகாணமானபோது அதன் தலைவர் தலைமை ஆணையர். 'டில்லி ஆளுநர்' என்று ஒருவர் அந்தக் காலத்தில் இருந்ததில்லை. ஊர்ப் பெயர் கதையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் கொள்கிறேன். ஒரு பெயர் பின்னால் ஏறியது என்பதால் நிகழ்வே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் சாட்சியின் தரத்தைப் பற்றி அது எச்சரிக்கிறது.

பரிசு கொடுக்கப்பட்டது உறுதி. மருத்துவர் ஜோசப் பேயரர் 1869ஆம் ஆண்டுக்குத் திரட்டிய கணக்கில் வங்காள மாகாணத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும் பாம்புக் கடியால் 11,416 பேர் இறந்ததாகக் காட்டி, நச்சுப் பாம்புகளைக் கொல்லப் பரிசு வேண்டும் என்று வாதிட்டார். மாகாணத்துக்கு மாகாணம் தொகை மாறியது. அணாக் கணக்கில்தான் இருந்தது. பரிசுக்காகச் சிலர் பாம்பு வளர்க்கிறார்கள் என்ற சந்தேகமும் அக்கால அதிகாரிகளிடையே எழுந்தது. என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று இதுவே; இதை நான் மறைக்கவில்லை. ஆனால் குடிமக்களைப் பற்றி ஓர் அதிகாரி கொண்ட சந்தேகம் வேறு, பண்ணையைக் கண்ட ஒருவரின் சாட்சியம் வேறு.

இனிச் செலவு. நாகம் ஆண்டுக்கு ஒரு முறை, வெயில் காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 12 முதல் 30 முட்டைவரை இடும். குஞ்சு வெளிவர இரண்டு மாதமளவு செல்லும். வெளிவந்த குஞ்சு ஒரு சாண் நீளத்தைச் சற்றுத் தாண்டி இருக்கும்; பிறந்த நாளிலேயே படம் எடுக்கும், பிறந்த நாளிலேயே நஞ்சு உண்டு. முட்டையிடும் பருவத்தை அடைய ஆண்டுகள் ஆகும். ஓர் ஈற்றில் 20 குஞ்சு தப்பியது என்று வைப்போம். குஞ்சுக்கு வாரம் ஒரு சிறு தவளை என்று குறைத்தே கணக்கிட்டாலும் இரண்டு ஆண்டில் 2,080 தவளை வேண்டும். வளர வளரத் தவளை போதாது, எலி தேவைப்படும். அதுவும் பெரும்பாலும் உயிரோடு வேண்டும், ஏனென்றால் கூண்டுப் பாம்பைச் செத்த இரைக்குப் பழக்குவது தனி வேலை. நாகம் பிற பாம்புகளையும் தின்னும். ஆகவே பெரியதையும் சிறியதையும் ஒரே பானையில் விட முடியாது. பானைக்குப் பானை மூடி, தண்ணீர், துப்புரவு. ஒவ்வொரு துப்புரவும் கையை உள்ளே விடும் வேலை. எலி பிடிக்கத் தெரிந்த ஒருவர் அத்தனை நாளும் வயலில் எலி பிடித்தே வாழ்ந்திருக்கலாம். நச்சு முறிவு மருந்து உலகில் எங்கும் இல்லாத காலத்தில் இத்தனையும் அணாக் கணக்குப் பரிசுக்காக!

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. இனப்பெருக்கம் செய்து வளர்க்கத் தேவையில்லை; சினைப்பட்ட ஒரு பெண் நாகத்தைப் பிடித்து, முட்டையிட வைத்து, பொரித்த குஞ்சுகளை உடனே கொடுத்து இருபது பரிசு வாங்கலாமே? செய்திருக்கலாம். தலைக்குத் தலை எண்ணிய அலுவலகம் குஞ்சின் தலையையும் எண்ணியிருந்தால் ஒரு கெட்டிக்காரப் பாம்புப் பிடிகாரர் இதைச் செய்திருப்பார். அதிகாரிகளின் சந்தேகத்துக்குப் பின்னால் உண்மையில் ஏதாவது இருந்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் இதில் பண்ணை இல்லை. பொரித்த அன்றே கொடுத்து முடிந்துவிடும் சரக்கு இது. பரிசு நின்ற நாளில் திறந்துவிட அங்கே கையிருப்பு எதுவும் இருக்காது. கதையின் உயிரே அந்தக் கடைசிக் காட்சியில்தான் இருக்கிறது. அந்தக் காட்சிக்குத் தேவையான வளர்ந்த நாகக் கூட்டத்தைச் செலவுக் கணக்கு அனுமதிக்கவில்லை.

பரிசுமுறை மிகப் பெரிய அளவில் ஓடிய ஓர் இடத்தின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அதில் சற்று நின்று போக வேண்டும், ஏனென்றால் அங்கே வந்த பாம்பு நாகம் இல்லை. பம்பாய் மாகாணத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் பரிசுக்குக் குவிந்தது சுருட்டை. மராத்தியர் அதை 'புர்சா' என்பார்கள். அங்கே பணியாற்றிய ஜி. டபிள்யூ. விடால் அதைப் பற்றி 1890இல் எழுதினார். ஆறு ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் கொல்லப்பட்டன என்பது அங்கிருந்து வரும் கணக்கு. ஒவ்வொன்றும் சரியாக எண்ணப்பட்டதா என்று ஐயம் கொள்ளலாம். பாதியைத் தள்ளினாலும் ஓர் இலட்சம் மிஞ்சுகிறது.

அந்தச் சுருட்டை எங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் அது வடக்கு, வடமேற்கு, கிழக்குக் கரையோரத்து வறண்ட மணலில் வாழ்வது. மன்னார் அதன் சொந்த நிலம். உப்புக்குளத்தில் ஓலை வேலியடியில் காய்ந்த மட்டையைப் புரட்டுகிறவர் காலைப் பின்வாங்கிக்கொண்டுதான் புரட்டுவார். பாம்பு ஒரு முழத்தைத் தாண்டுவது அரிது. ஆளைக் கண்டால் ஓடாது. உடலைப் பிறை பிறையாக மடித்து, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசும். காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றவர்தான் தப்புவார். நாகத்தைப் போல முட்டை இடாமல் இது குட்டி போடும், மூன்றிலிருந்து பதினைந்துவரை. யாழ்ப்பாணத்தில் சுருட்டை கடித்தவர்களை ஆராய்ந்து ஞானதாசன் குழுவினர் 2012இல் வெளியிட்ட கட்டுரை, இங்குள்ள கடி இந்தியாவில் சொல்லப்படும் அளவுக்குக் கொடியதாக இல்லை என்று காட்டி, இது வேறு உள்ளினமா என்ற கேள்வியைத் திரும்ப எழுப்பியது. விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1951இலேயே இதற்குத் தனி உள்ளினப் பெயர் கொடுத்திருந்தார். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

இரத்தினகிரிக் கணக்கிலிருந்து நான் எடுப்பது இதுதான்: பரிசு ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் பாம்பைக் கொண்டுவந்த இடத்தில், பாம்பு கல்லுக்கடியில் இலவசமாகக் கிடந்தது. கல்லைப் புரட்டத் தெரிந்த கைக்கு வளர்க்கும் தேவை இல்லை. பிடிக்கும் செலவு வளர்க்கும் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை யாரும் வளர்க்கமாட்டார்கள். நாகம் சுருட்டையைப் போல அடர்ந்து வாழ்வதில்லை என்பதால் இந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது என்று சொல்லலாம்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகம் அரிதானால் சினைப் பெண்ணும் அரிது. செலவு கூடுமே தவிரக் குறையாது.

பண்ணை உண்மையிலேயே நடந்த இடம் ஹனோய். 1902இல் பிரெஞ்சு நிர்வாகம் எலி வாலுக்கு ஒரு சென்ட் கொடுத்தது. அதற்கு முன் கூலிக்கு எலி பிடித்தவர்கள் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கு மேல் எலிகளைக் கொன்றதும் உண்டு. பிறகு வாலில்லாத எலிகள் தெருவில் ஓடின; நகரின் ஓரத்தில் எலி வளர்க்கும் இடங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. வரலாற்றாசிரியர் மைக்கேல் வான் இதைப் பிரெஞ்சு ஆவணங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தார். எலிக்கு மூன்று வாரச் சினை. இரண்டு மூன்று மாதத்தில் குட்டியும் ஈனும். வீட்டுக் குப்பையே அதற்குத் தீனி. வாலை வெட்டிவிட்டுத் தாயை மீண்டும் விடலாம். உற்பத்திச் செலவு ஏறக்குறைய இல்லை என்ற நிலையில்தான் பண்ணை பிறந்தது. எலிக்குப் பொருந்தும் கதை நாகத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. எந்த ஆண்டில், யார் வாயில் ஏறியது என்பதை நிறுவ இப்போதுள்ள சான்று போதாது. அந்தத் திகதியை நான் திறந்தே விடுகிறேன்.

நாகம் மனிதரோடு இருந்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில், நீர்கொழும்பருகே ஒரு பணக்காரர் காவலுக்கு நாய்க்குப் பதிலாக நாகங்களை வீட்டில் வைத்திருந்த செய்தி வருகிறது. மேஜர் ஸ்கின்னர் டெனன்டுக்கு எழுதித் தெரிவித்தது அது. நம்பத்தக்க செய்தி என்றே கொள்ளலாம். ஆனால் வைத்திருப்பது வேறு, பெருக்குவது வேறு. அந்த வீட்டு நாகங்கள் தாமே இரை தேடியிருக்க வேண்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் அவற்றின் விருப்பம். செலவை வயலும் புதரும் ஏற்றன.

இந்த வாதத்துக்கு வலுவான துணை தமிழ்நாட்டின் வடநெம்மேலியில் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் தோல் பிழைப்பை நிறுத்தின. தோல் வியாபாரம் நடந்த காலம் முழுவதும் ஒவ்வொரு தோலுக்கும் பணம் கிடைத்தது. அப்போதும் ஓர் இருளர் குடியிருப்பிலும் பாம்புப் பண்ணை எழுந்ததாகத் தெரியவில்லை. 1978இல் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் நஞ்சு விற்கும் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்று நான்கு இனத்தை வனத்துறை உரிமத்தோடு பிடிப்பார்கள். மண்பானையில் விட்டுத் துணியால் வாய்கட்டுவார்கள். வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு முறை நஞ்செடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே திரும்பப் பிடிக்கமாட்டார்கள். பாம்பை அவர்களைவிட அறிந்தவர் எவர்? அந்த அறிவுக்காகவே 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நஞ்சு பரிசுத் தொகையைவிடப் பன்மடங்கு விலை போகும் பொருள். அப்படியிருந்தும் அந்தச் சங்கம் ஒரு மாதத்துக்கு மேல் பாம்பைப் பானையில் வைப்பதில்லை. நஞ்சுக்காகப் பாம்பைப் பெருக்குவதும் இல்லை. சட்டம் ஒரு காரணம்தான். பிடித்து விடுவது மலிவு, வைத்து வளர்ப்பது நட்டம் என்பது அதற்கு முந்திய காரணம்.

ஆகவே என் முடிவு இது. பரிசு இருந்தது, மோசடி பற்றிய சந்தேகமும் இருந்தது, சினைப் பாம்பின் குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தவர் சிலர் இருந்திருக்கலாம். திறந்துவிடப்பட்ட நாகப் பண்ணை மட்டும் நடந்ததாக ஏற்க இடமில்லை. பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை இந்தப் பாடத்தை நடத்தும்போது நாகத்தை விட்டுவிட்டு ஹனோயின் எலியைச் சொல்லுங்கள். அதற்கு ஆவணம் இருக்கிறது.