பணியாளின் கண்ணில் நீராவி உலகம்

1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதமொன்றில், பாதி வேடிக்கையாக, ‘ஸ்டீம்பங்க்’ என்ற சொல்லை உருவாக்கினார். நீராவிப் பொறிகளின் பெருமிதத்தில் பேரரசின் கொடுமை மறைந்துபோவது அவ்வகைப் புனைவின் பழைய குறை. இங்க்கிள் நிறுவனம் 2014இல் கைப்பேசிக்கு வெளியிட்ட ‘80 டேஸ்’ அக்குறையை நேர்நின்று எதிர்கொண்டது.

ஜூல் வெர்னின் மூலநாவலில் துப்பறிவாளர் ஃபிக்ஸ், ஃபாக் என்னும் கனவானை வங்கிக் கொள்ளையனெனத் தவறாக எண்ணி உலகெங்கும் பின்தொடர்கிறார். விளையாட்டிலோ துருவிக் கேட்கும் வேலை பணியாள் பாஸ்பர்தூவுடையது. ஆடுபவர் ஏற்கும் வேடமும் அவனே. சந்தையிலும் கப்பல்தளத்திலும் எளிய மனிதரிடம் பேசினால்தான் புதிய வழிகள் புலப்படும் (கனவானுக்கு அந்தப் பொறுமை ஏது?). மேக் ஜெயந்த் எழுதிய அவ்வுலகில் பொறிநுட்பம் ஐரோப்பியரின் தனியுடைமை அன்று. தானியங்கிகளால் வலுப்பெற்ற ஜூலு கூட்டமைப்பு பேரரசுகளுக்கு அடிபணியாமல் நிற்கிறது. கதை நிகழும் 1872க்கு ஏழாண்டுகள் கழித்து, உண்மையான ஜூலு அரசு பிரித்தானியப் படையிடம் வீழ்ந்தது.