ஷெல்லும் எழுத்தும்: ஒரு வரலாற்று ஆய்வு

எழுத்து என்பது யாது என்னும் வினா மொழிநூலார்க்கே உரியதென எண்ணுதல் இயல்பு. ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் கணிப்பொறி வல்லுநரும் அவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்துள்ளது. யூனிக்ஸ் வழிப்பட்ட கணிப்பொறிகளில், நாம் தட்டெழுதும் கட்டளையை ஏற்று, அதனைச் சொற்களாகப் பிரித்து, உரிய நிரலை இயக்குவிக்கும் மென்பொருளுக்கு ‘ஷெல்’ என்பது பெயர். இந்த ஷெல் எழுத்தை எவ்வாறு கண்டது, எங்கெங்கு வழுவியது, அவ்வழுக்கள் எங்ஙனம் களையப்பட்டன என்பவற்றை ஈண்டுக் காலமுறையில் ஆராய்வாம்.

1963-இல் வகுக்கப்பெற்ற ஆஸ்கி குறியீடு 128 இடங்களே உடையது. அதற்கு ஏழு பிட்டு போதும். பைட்டோ எட்டுப் பிட்டு உடையது. வறிதே எஞ்சிய எட்டாம் பிட்டை, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லை இயற்றிய ஸ்டீபன் போர்ன் ஒரு பணிக்குப் பயன்படுத்தினார். மேற்கோட்குறிக்குள் நின்ற எழுத்துக்குச் சிறப்புப் பொருள் கொள்ளலாகாது என்பதை நினைவிற்கொள்ள, அவர்தம் ஷெல் அவ்வெழுத்தின் எட்டாம் பிட்டில் அடையாளம் இட்டது. பின்னர் அதனை அழித்தது. ஆங்கிலத்துக்கு இதனால் ஊறு நேரவில்லை. எட்டுப் பிட்டையும் வேண்டும் பிற மொழி எழுத்துகளோ சிதைந்தன. இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும். அம்மூன்றிலும் எட்டாம் பிட்டு உண்டு. ஆதலின் அப்பழைய ஷெல்லின் கையில் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு அகப்படின், அப்பெயரின் ஒரு பைட்டேனும் பிழைத்திராது. பின்வந்தோர் அவ்வடையாளத்தை வேறிடத்துக்கு மாற்றி, பைட்டு முழுமையையும் காத்தனர். இதனை முதற் சீர்திருத்தம் எனலாம்.

பைட்டைக் காத்தமை எழுத்தைக் காத்தமை ஆகாது. சப்பானியர் வழங்கிய ஷிப்ட்-ஜிஸ் முறையில் ஓர் எழுத்து இரு பைட்டால் அமைவதுண்டு. சிலவற்றின் இரண்டாம் பைட்டு, ஷெல்லில் சிறப்புப் பொருளுடைய பின்சாய் கோட்டின் மதிப்பையே பெற்றிருந்தது. பைட்டை மட்டும் நோக்கிய ஷெல் எழுத்தின் பாதியைக் கட்டளைக் குறியாக மயங்கியது. தமிழையும் உள்ளடக்கிய ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தனர். பல பைட்டு எழுத்தின் உள்ளே ஆஸ்கி பைட்டு ஒருகாலும் வாராது என்பது இதன் தலையாய பண்பு. மேற்கூறிய மயக்கம் இதனால் வேரோடு நீங்கியது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் என்னும் ஷெல், 2002-இல் வந்த 2.05பி பதிப்பில் பல பைட்டு எழுத்தை ஓரெழுத்தாக எண்ணும் ஆற்றல் பெற்றது.

எனினும் பழைய எண்ணம் முற்றும் மறையவில்லை. 2011-இல் வந்த 4.2 பதிப்பு, ஒருங்குறி எண்ணைக் கொண்டு எழுத்தைக் குறிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் 128 முதல் 255 வரையுள்ள எண்களை மட்டும் அது பிழைபடக் குறியேற்றியது. 2944 முதல் தொடங்கும் தமிழ்ப் பகுதி தப்பியது; பிரெஞ்சு முதலிய மொழிகளின் எழுத்துகள் அகப்பட்டன. 2014-இல் வந்த 4.3 பதிப்பு இவ்வழுவைக் களைந்தது.

இனி, எண்ணுதல் என்பதை நோக்குவாம். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பாஷிடம் வினவின், மொழியறியாத ‘சி’ லொகேலில் 15 என விடை வரும். அது பைட்டுக் கணக்கு. யூடிஎஃப்-8 லொகேலில் 5 என வரும். அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் குறிகளின் கணக்கு. லொகேல் என்பது மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப எழுத்து, வரிசை, எண் வடிவு ஆகியவற்றை நிரலுக்கு அறிவிக்கும் அமைப்பாகும். தமிழிலக்கண நெறியிலோ அச்சொல் மூன்றெழுத்தே. கட்டளைக் கலித்துறை இயற்றுவார் ஒற்றை நீக்கி இரண்டெனக் கொள்வர். இந்நான்கும் தத்தம் பயன் நோக்கி மெய்யே. எண்ணுவோன் எப்பயன் கருதி எண்ணுகிறான் என்பதை அறியாது எண்ணுவதே வழு.

வரிசையிலும் இவ்வுண்மை விளங்கும். மரம், மலர், மறம் என்பதே தமிழ் அகராதி வரிசை. ஒருங்குறியில் றகரம் ரகரத்தை அடுத்து நிற்றலின், எண்வழிச் சென்றால் மறம் மலருக்கு முந்தும். ஆகவே கோப்புப் பட்டியலை மாந்தர்க்குக் காட்டுங்கால் லொகேலின் வழிச் செல்லுதலே முறை. ஆயின் அம்முறை கட்டளைக்குள் புகுந்தபோது தீங்கு விளைந்தது. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ முதல் இசட் வரை’ என ஷெல்லுக்கு வீச்சு கூறும் வழக்கு உண்டு. ஆஸ்கி வரிசையில் அது 26 சிற்றெழுத்துகளையே குறிக்கும். பல லொகேல்களின் அகராதி வரிசையிலோ சிற்றெழுத்தும் பேரெழுத்தும் மாறிமாறி நிற்பன. ஆதலின் பேரெழுத்துகளுள் ஒன்றொழிய ஏனைய யாவும் அவ்வீச்சினுள் அடங்கின. சிற்றெழுத்தில் தொடங்கும் கோப்புகளை அழிக்க என்று ஒருவர் இட்ட கட்டளை, பேரெழுத்தில் தொடங்குவனவற்றையும் அழித்துவிடும். ஒரே கட்டளை ஓர் ஊரில் ஒரு பொருளும் மற்றோர் ஊரில் வேறு பொருளும் தருமாயின், அதனை நம்பி எதனைச் செய்வது?

இதற்குத் தீர்வு பின்வாங்கலாகவே அமைந்தது. போசிக்ஸ் தரநூலின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அடிப்படை லொகேலுக்குப் புறத்தே வீச்சின் பொருள் வரையறுக்கப்படுவதன்று. 2011-இல் ஜிஆக் என்னும் உரைப்பகுப்பு நிரலின் 4.0 பதிப்பு பழைய பொருளுக்கு மீண்டது. பாஷ் 2014-இல் அதனை விருப்பமாகத் தந்து, 2019-இல் வந்த 5.0 பதிப்பில் இயல்பு நிலையாக்கியது.

இவ்வரலாற்றால் பெறப்படுவது யாதெனின், சீர்திருத்தம் ஒரே திசையில் செல்லவில்லை என்பதாம். முதற்கண் மொழிகளுக்கு இடமளித்தலே வேண்டப்பட்டது. பின்னர் மொழி புகலாகாத இடத்தினின்று அதனை விலக்குதல் வேண்டப்பட்டது. மாந்தர் படிப்பதற்குரியவை மொழிவழி அமைதல் வேண்டும். பொறிக்கு இடும் கட்டளை எங்கும் ஒரு பொருளே தருதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே வழுக்கள் பலவற்றுக்கு மூலம் என்பது எம் துணிபு.

பணி முற்றிற்று எனல் ஆகாது. ‘கொடி’ என்னும் பெயரின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி அவற்றை நிகரெனக் கொள்ளினும், பைட்டு ஒன்றையே நோக்கும் லினக்ஸ் கோப்பகத்தில் அவை இருவேறு கோப்புகளாக நிற்கக்கூடும். ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று தோன்றாது. இதனை ஷெல் தீர்ப்பதா, கோப்பமைப்பு தீர்ப்பதா என்பதில் ஒருமித்த வழக்கு உருவாகவில்லை. எழுத்திலக்கணம் பயின்ற தமிழறிஞரும் இவ்வாராய்ச்சியில் ஈடுபடுதல் வேண்டும் என்பது எம் விழைவு.