ஆயாவின் மகள் ரிஸ்பாள்

விவிலியம் ரிஸ்பாளை இரண்டே இடங்களில் காட்டுகிறது. இரண்டிலும் அவள் வாய் திறப்பதில்லை. ஆனால் இரண்டு முறையும் அவளை ஒட்டி அரசியல் திசைமாறுகிறது.

ஆயாவின் மகளான இவள் சவுல் அரசனின் மறுமனையாட்டி. கில்போவா மலையில் சவுல் மாண்டபின் மகன் இஸ்போசேத் பெயரளவில் அரியணை ஏறினான். அதிகாரம் படைத்தலைவன் அப்னேரின் கையில் இருந்தது. "என் தகப்பனின் மறுமனையாட்டியை நீ ஏன் சேர்ந்தாய்?" என்று இஸ்போசேத் கேட்டுவிட்டான். மறைந்த அரசனின் பெண்களைத் தொடுவது அரியணைக்கே உரிமை கொண்டாடுவதாகக் கருதப்பட்ட காலம் அது. அப்னேர் கொதித்து, போட்டி அரசனான தாவீதின் பக்கம் சாய்ந்தான். சவுல் வீட்டின் ஆட்சி ஆட்டம் கண்டது. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா, ரிஸ்பாள் இசைந்தாளா, பலவந்தப்படுத்தப்பட்டாளா? இதையெல்லாம் நூல் கேட்பதே இல்லை.

அவள் மறுபடி வருவது சாமுவேலின் இரண்டாம் நூல் 21-ஆம் அதிகாரத்தில். தாவீதின் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பஞ்சம். காரணம் என்னவென்று ஆண்டவரிடம் விசாரிக்கிறான். சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழி என்று பதில் வருகிறது. யோசுவா காலத்தில் ஆணையிட்டுக் காப்பதாக வாக்களிக்கப்பட்டவர்கள் அந்தக் கிபியோனியர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரணத்தை ஆண்டவரிடம் கேட்ட தாவீது, பரிகாரத்தை அவரிடம் கேட்கவில்லை, கிபியோனியரிடம் கேட்டான். சவுல் வம்சத்தில் ஏழு ஆண்கள் வேண்டும் என்றார்கள் அவர்கள். அரசனும் கொடுத்தான். சவுலின் மகன் யோனத்தானுக்கு இட்ட ஆணையின் பொருட்டு அவன் மகன் மேவிபோசேத் தப்பினான். அதே பெயர் கொண்ட ரிஸ்பாளின் மகன் தப்பவில்லை. அவனும், அவன் உடன்பிறந்த அர்மோனியும், சவுலின் மகள்வழிப் பேரன்கள் ஐவரும் கிபியாவின் மலைமேல் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள்.

வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நாள்கள் அவை. நம் கணக்கில் சித்திரை வாக்கில். தூக்கிலிடப்பட்டவனை அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்கிறது உபாகமம். இவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். ரிஸ்பாள் இரட்டுத் துணியைப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் பிணங்களை நெருங்கவிடவில்லை. தன் மகன்கள் இருவரை மட்டுமல்ல, ஏழு பேரையும் காத்தாள். வானத்திலிருந்து மழை விழும்வரை காவல் நீடித்தது. வழக்கமான மழை ஐப்பசியில் என்றால் ஆறு மாதம். முன்னதாகவே ஒரு மழை பெய்திருக்கலாம் என்போரும் உண்டு. சில வாரங்கள் என்றே வைத்துக்கொள்வோம். வெயிலிலும் நாற்றத்திலும் ஒருத்தி தனியே இருந்திருக்கிறாள். டென்னிசன் 1880-இல் வெளியிட்ட கவிதையொன்றில், தூக்கிலிடப்பட்ட மகனின் எலும்புகளைப் பொறுக்கும் ஆங்கிலத் தாய்க்கு 'ரிஸ்பா' என்ற பெயரையே தலைப்பாக்கினார். நன்றாகப் பொருந்திய பெயர்தான், ஆனால் அந்தத் தாய் நிறையப் பேசுகிறாள். விவிலிய ரிஸ்பாளுக்கு அந்த வசதியும் இல்லை.

இதை வெறும் தாய்ப்பாசக் கதையாகச் சொல்லி முடிக்கும் பிரசங்கங்களில் எனக்கு உடன்பாடில்லை. அவள் உட்கார்ந்த பாறை, அரசன் அனுமதித்த தண்டனைக்களம். பிணத்தை அவமதிக்க விடமாட்டேன் என்று அவள் அங்கே இருந்தது அரசனின் பரிகாரத்துக்கே எதிர்ப்பு. செய்தி தாவீதின் காதுக்கு எட்டியது. அவன் யாபேஸ் கீலேயாத்துக்குப் போய்ச் சவுல், யோனத்தானின் எலும்புகளை எடுத்துவந்தான். பெத்சான் மதிலில் தொங்கவிடப்பட்ட சவுலின் உடலை இரவோடு இரவாக மீட்டு அடக்கம் செய்த ஊர் அது. கிபியாவில் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்பட்டன. பென்யமீன் நாட்டுச் சேலாவில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் சவுலும் யோனத்தானும் அடக்கமானார்கள்.

வசனங்களின் வரிசையைப் பாருங்கள். ஏழு பேரும் மாண்டதும் தேவன் தேசத்துக்கு இரங்கினார் என்று எழுதியிருக்கவில்லை. எலும்புகள் அடக்கமானபின் 14-ஆம் வசனத்தில்தான் அந்த வாக்கியம் வருகிறது. அரசனும் கிபியோனியரும் பேசி முடித்த பரிகாரத்தால் தேவன் இரங்கியதாக நூலாசிரியர் சொல்லவில்லை. ரிஸ்பாளின் காவல் அரசனை இழுத்துச்சென்ற அடக்கத்துக்குப் பிறகே அப்படிச் சொல்கிறார். விளக்கம் எதுவும் தராமல், 15-ஆம் வசனத்தில் பெலிஸ்தரோடு நடந்த போருக்குப் போய்விடுகிறார்.