ஒரே வீடு, இரண்டு வைஃபை: டிவியின் கண்ணுக்கு மீடியா சர்வர் தெரியாமல் போவது ஏன்?

மாடி அறை கணினியில் மீடியா சர்வர் ஓடுகிறது. போனில் படம் தெளிவாக வருகிறது. ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவி மட்டும் 'சர்வர் எதுவும் கிடைக்கவில்லை' என்கிறது. சினிமா, பாட்டு, குடும்ப வீடியோக்களைச் சேமித்து வைத்து ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற மென்பொருள்கள் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. பெரும்பாலும் சர்வரிலும் கோளாறு இருக்காது, டிவியிலும் இருக்காது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை என்பதுதான் பிரச்னை.

இரண்டு நெட்வொர்க் எங்கிருந்து வருகிறது?

ரேணிகுண்டாவில் வேலை நிமித்தம் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஒருவரின் வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஸ்மார்ட் டிவிக்கும் இந்த வட்டாரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஷாவ்மி நிறுவனத்தின் டிவிகளை டிக்சன் நிறுவனம் திருப்பதி ஆலையில் தயாரிக்கும் என்ற அறிவிப்பு 2018இல் வந்தது. அதற்குச் சற்று முன், 2017 டிசம்பர் 27 அன்று, ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டத்தை அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கி வைத்தார். மாதம் 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ் இணையம், டிவி சேனல்கள், தொலைபேசி மூன்றும் ஒரே இணைப்பில் என்பது அதன் தொடக்க காலத் திட்டம்.

இணையமும் டிவியும் ஒரே கம்பியில் வரும்போது, நிறுவனம் தரும் பெட்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில்தான் உட்காரும். மாடி அறைக்கு சிக்னல் எட்டாது. நாமே ஒரு ரவுட்டர் வாங்கி அந்தப் பெட்டியில் மாட்டுவோம். அங்கேதான் பிரிவு தொடங்குகிறது. ஹால் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். புது ரவுட்டர் தனக்குக் கீழே 192.168.0 என்று வேறொரு வரிசையைக் கொடுக்கும். இந்த அமைப்புக்கு 'டபுள் நாட்' என்று பெயர்.

வேறு இரண்டு வழிகளிலும் பிரிவு உண்டாகலாம். ஒன்று, டிவியை கெஸ்ட் வைஃபையில் இணைப்பது. கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைத் தொடாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். இன்னொன்று, விவரம் தெரிந்தவர்கள் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அமைக்கும் விலான். டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் ஒரு பக்கம்; ஆபீஸ் லேப்டாப், சர்வர் எல்லாம் இன்னொரு பக்கம்.

டிவி சர்வரை எப்படித் தேடுகிறது?

டிவிக்கு சர்வரின் முகவரி தெரியாது. 'இங்கே யாராவது மீடியா சர்வர் இருக்கீங்களா?' என்று தன் நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு குரல் கொடுக்கும். டிஎல்என்ஏ முறையில் இந்தக் குரல் 239.255.255.250 என்ற முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில் போகும். இதுபோன்ற தேடல் செய்திகளை வீட்டு ரவுட்டர்கள் சாதாரணமாக அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்துவதில்லை. அதனால் குரல் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கண்டுபிடிப்பது வேறு, அணுகுவது வேறு. குரல் எட்டாவிட்டாலும், முகவரியை நேரடியாகக் கொடுத்தால் வழி திறந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சர்வரை அழித்துத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள்.

எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில், டிவியின் நெட்வொர்க் அமைப்புக்குள் போய் அதன் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரின் முகவரியையும் குறியுங்கள. வழக்கமான வீட்டு ரவுட்டர்களில் முதல் மூன்று எண்கள் வேறாக இருந்தால் நெட்வொர்க்கும் வேறு. ஒன்றாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 வரிசையையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது, டிவி இருக்கும் அதே வைஃபையில் போனை இணைத்து, பிரவுசரில் சர்வரின் முகவரியையும் போர்ட்டையும் அடியுங்கள். ஜெல்லிஃபினுக்கு வழக்கமான போர்ட் 8096, ப்ளெக்ஸுக்கு 32400. உதாரணம்: 192.168.1.20:8096. பக்கம் திறந்தால் வழி இருக்கிறது, தேடல்தான் தோற்கிறது. டிவி ஆப்பிலும் இதே முகவரியைக் கையால் கொடுத்தால் வேலை முடிந்தது. சர்வரின் முகவரி மாறிவிடாதபடி ரவுட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவது, பக்கம் திறக்கவில்லை என்றால் சர்வர் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். தன் நெட்வொர்க்கிலிருந்து வருவதை மட்டும் அனுமதித்து, பக்கத்து நெட்வொர்க்கை அது தடுக்கலாம். பிங் செய்து பதில் வராததை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் கணினிகள் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது.

டிஎல்என்ஏ மட்டும் பயன்படுத்தும் பழைய டிவிகளில் முகவரியைக் கையால் கொடுக்க பொதுவாக இடமே இருக்காது. அவற்றுக்கு நெட்வொர்க்கை ஒன்றாக்குவதே எளிய வழி.

சர்வர் எந்தப் பக்கம் இருக்கிறது?

டபுள் நாட் வீட்டில் இந்தக் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும் ரவுட்டர் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் கருவிகள் ஹால் பெட்டியின் நெட்வொர்க்குக்குப் போய்வரலாம். ஹாலிலிருந்து யாரும் தாமாக உள்ளே வர முடியாது. அதனால் டிவி ஹாலிலும் சர்வர் மாடியிலும் இருந்தால், முகவரியைக் கொடுத்தாலும் இணைப்பு கிடைக்காது.

தீர்வு எளிது. நாம் வாங்கிய ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிட்டால், ஹால் பெட்டி மட்டுமே முகவரி கொடுக்கும், வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க்காகிவிடும். அந்த வசதி இல்லையென்றால் சர்வரை ஹால் பெட்டியிலேயே நேராக இணைக்கலாம்.

வேண்டுமென்றே பிரித்து வைத்திருந்தால்?

விலான் அமைத்தவர்கள் சுவரை இடிக்க வேண்டியதில்லை, ஒரு ஜன்னல் திறந்தால் போதும். டிவியின் முகவரியிலிருந்து சர்வரின் முகவரிக்கு, குறிப்பிட்ட அந்த ஒரே போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'டிவி நெட்வொர்க்கிலிருந்து எல்லாவற்றுக்கும் அனுமதி' என்று போட்டால் பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

ப்ளெக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. கணக்கு வழியாக இணைவதால் சர்வர் பட்டியலில் தெரியும், ஆனால் வேறு நெட்வொர்க்கில் இருக்கும் டிவியை அது வெளியூர் கருவியாக நினைத்துவிடலாம். படத்தின் தரம் குறையும். காசும் கேட்கலாம்: நம் சொந்த வீடியோக்களை வெளியிலிருந்து பார்க்க 2025 ஏப்ரல் 29 முதல் ப்ளெக்ஸ் கட்டணச் சந்தா கேட்கிறது. சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் 'லேன் நெட்வொர்க்ஸ்' என்ற இடத்தில் இரண்டு முகவரி வரிசைகளையும் சேர்த்துவிட்டால், டிவி வீட்டுக்குள் இருப்பது அதற்குப் புரியும்.

எதைச் செய்யக்கூடாது?

அவசரத்தில் பலர் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கிறார்கள். சிலர் இணையத்திலிருந்து நேராக சர்வருக்கு போர்ட்டைத் திறந்து விடுகிறார்கள். ஒரு வீட்டின் உள்ளே தீர வேண்டிய பிரச்னைக்கு ஊருக்கே கதவைத் திறப்பது தேவையில்லாத ஆபத்து.

மீடியா சர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் நடந்த ஊடுருவலில், மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டைதான் தாக்கியவர்களுக்கு வழிவிட்டது. அதை 2020 மே மாதமே சரிசெய்துவிட்டதாகவும், அந்த அப்டேட் போடப்படவில்லை என்றும் பின்னர் ப்ளெக்ஸ் விளக்கம் அளித்தது.

ஆபீஸ் லேப்டாப்பும் டிவியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. டிவியில் படம் வந்ததும் சோதனைக்காக அணைத்த ஃபயர்வாலைத் திரும்பப் போட்டாச்சா, சர்வருக்கு அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு படத்தை ஓடவிடுங்கள்.